சனிக்கிழமைச் சம்பளமும் தொண்ணூறு நாள் பில்லும்: 45 நாள் சட்டம் நம் யூனிட்டுக்கு வந்து சேர்ந்ததா?

பவர்டேபிள்_திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூரில் பதினான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது வேறு கம்பெனிகள் தருகிற துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட் நடத்துகிறேன். டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாரையும் சேர்த்து 22 பேர். வாரம் சுமார் 9,000 பீஸ் தைக்கிறோம், பீஸுக்கு ரூ.16 கூலி, ஆக வாரத்துக்கு ரூ.1,44,000 பில். அதில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் மட்டுமே ரூ.1,05,000 போய்விடும், மீதியில்தான் வாடகை, கரண்ட், நூல், ஊசி, டீசல், அப்புறம் என் வீடு.

கணக்கைப் பார்த்தால் ஓடுகிற தொழில்தான். ஆனால் பில் பணம் கைக்கு வர 90 நாள் ஆகிறது, சில பார்ட்டிக்கு, அதாவது வேலை கொடுக்கிற கம்பெனிக்கு, 110 நாள். பதிமூன்று வாரம் நான் சம்பளம் போட்ட பிறகுதான் முதல் வாரத்துப் பணம் வருகிறது. இன்றைய தேதியில் வெளியே நிற்பது 18 லட்சத்துக்கு மேல். அதில் சம்பளமாகவே நான் கையிலிருந்து போட்டது பதிமூன்றரை லட்சம், அந்தப் பணம் என்னுடையது இல்லை, இரண்டு வட்டிக்கு வாங்கியது. மாதம் 27,000 ரூபாய் வட்டி கட்டுகிறேன். இதில் ஜி.எஸ்.டி வேறு. வராத பணத்துக்கு மாதம் 31,000 ரூபாய் போல 20-ஆம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும், பார்ட்டி அதைத் தன் வரியில் கழித்துக்கொள்கிற இன்புட்டாக எடுத்துக்கொள்கிறார்.

45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அவர்களுக்கு வருமான வரியில் அடி விழும் என்று 2024-இல் பெரிதாகப் பேசினார்களே, அது என்ன ஆச்சு? போன மார்ச்சில் ஒரு பார்ட்டி மட்டும் போன் செய்து "உங்கள் உத்யம் நம்பர் கொடுங்க" என்றார், சிறுதொழிலாக அரசிடம் பதிந்த எண் அது, கொடுத்தேன், மூன்று லட்சம் உடனே வந்தது. ஏப்ரலில் இருந்து பழைய கதை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இந்த வட்டியில் இருந்து வெளியே வர வேண்டும்.

லேத்_கணபதி:

அண்ணா, கோயம்புத்தூரிலும் இதே நிலைமைதான். நான் பம்பு உதிரிபாகம் கடைசல் பிடிக்கிறேன், மூன்று லேத், ஐந்து பேர். எனக்கு 120 நாள். ஒரு நாள் பணம் கேட்டால் அடுத்த வாரம் மெட்டீரியல் வராது, வேறு பட்டறைக்குப் போய்விடும். சட்டம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:

நான் முப்பது நாற்பது சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 45 நாள் என்பது 2024-இல் வந்தது இல்லை. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தின் 15-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். உங்களில் எத்தனை பேர் எழுதி வாங்கியிருக்கிறீர்கள்? யாரும் இல்லை. அப்படியென்றால் உங்களுக்குக் கணக்கு 15 நாள், 45 கூட இல்லை.

தாமதமானால் வட்டி உண்டு. 16-ஆவது பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2023 பிப்ரவரியில் இருந்து இரண்டு ஆண்டுகள் வங்கி விகிதம் 6.75 சதவீதம், ஆக வட்டி 20.25 சதவீதம். அதற்கப்புறம் விகிதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இந்த வட்டியைப் பார்ட்டி தன் கணக்கில் செலவாகக் காட்டி வரி குறைக்கவும் முடியாது.

2023 நிதிச் சட்டத்தில் செய்தது என்னவென்றால், வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் (எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 15 அல்லது 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எந்த ஆண்டில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 2023-24 கணக்கில் இருந்து அமல். நடுத்தர நிறுவனங்களுக்கு இது கிடையாது, வாங்கி விற்கிற வியாபாரிக்கும் கிடையாது. ஜாப் ஒர்க் தையல், கடைசல் எல்லாம் உற்பத்தி, சேவை என்ற வகையில் வந்துவிடும்.

இதில்தான் ஓட்டை இருக்கிறது. எந்த ஆண்டில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டு என்கிறதே, அதைக் கவனியுங்கள். மே மாதம் நீங்கள் போட்ட பில்லுக்கு டிசம்பரில் பணம் கொடுத்தாலும் அதே நிதியாண்டுதானே, அவருக்கு வரியில் ஒரு ரூபாய் நட்டம் இல்லை. மார்ச் 31 அன்று நாள் தாண்டி நிற்கிற பாக்கிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் கடிக்கும். உங்களுக்கு மார்ச்சில் மட்டும் போன் வந்தது அதனால்தான். ஆண்டுக்கு ஒரு தடவை பாக்கியைத் துடைக்க வைக்கிற சட்டம் அது. மீதிப் பதினோரு மாதத்துக்கு 2006 சட்டம்தான், அதை நாம்தான் எடுத்துப் பேச வேண்டும்.

ஜி.எஸ்.டி-யிலும் பாருங்கள், 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்று இருக்கிறது. ஒரு பக்கம் 45 நாள், இன்னொரு பக்கம் 180 நாள். சில பார்ட்டிகள் ஐந்தரை மாதத்தில் கணக்காகப் பணம் அனுப்புவது எதனால் என்று இப்போது புரிகிறதா?

பவர்டேபிள்_திருப்பூர்:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றிங்க. 15 நாள் விஷயம் சத்தியமாகத் தெரியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். பீஸ் கொடுத்து மூன்று மாதம் கழித்து, பணம் கேட்கப் போகும்போதுதான் "அந்த லாட்டில் தையல் விட்டிருந்தது, டேமேஜ்" என்று ஒரு டெபிட் நோட் வைக்கிறார்கள். எண்பதாயிரம் பில்லில் பன்னிரண்டாயிரம் கழித்துக்கொண்டார்கள். டேமேஜ் பீஸைக் கண்ணில் காட்டவில்லை.

கணக்குப்பிள்ளை:

சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட சரக்கு. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்த தேதிக்கு ஆதாரம் வேண்டும். சரக்கு ஒப்படைத்த செலானில் கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப். நம் ஆட்கள் பாதிப் பேர் செலானை டெம்போக்காரரிடம் கொடுத்துவிட்டு நகலைத் திருப்பி வாங்குவதே இல்லை.

செக்கிங்_அக்கா:

இவ்வளவு நேரம் ஓனர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் வேலை செய்கிற பக்கத்தில் இருந்து ஒன்று கேட்கிறேன். கோபப்படாதீர்கள்.

பவர்டேபிள் அண்ணா, உங்களிடம் 22 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது பேர் இருந்தாலே பி.எஃப் கட்ட வேண்டும். கட்டுகிறீர்களா?

நான் பத்தொன்பது வருஷமாக பனியன் கம்பெனியில் இருக்கிறேன். ஐந்து இடம் மாறியிருக்கிறேன். இரண்டு இடத்தில்தான் பி.எஃப் பிடித்தார்கள், இரண்டும் சேர்த்து ஆறு வருஷம். பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும் என்கிறார்கள். மீதிப் பதிமூன்று வருஷம் நான் எங்கே இருந்தேன் என்று யாரிடம் போய்க் கேட்பது? கண் மங்கிவிட்டது, டியூப் லைட்டுக்குக் கீழே பிசிர் பார்த்துப் பார்த்து. நாற்பத்தைந்து தாண்டினால் கம்பெனிகளில் எங்களை வேண்டாம் என்பார்கள். அந்தப் பென்ஷன் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய்தான், 2014-இல் வைத்தது, அப்படியே கிடக்கிறது. அந்த ஆயிரம் கூட எனக்கு வருமா தெரியாது.

உங்களுக்குப் பில் பணம் வராத கஷ்டம் புரிகிறது. ஆனால் பணம் வந்த ஓனர்களும் எங்களுக்குப் பி.எஃப் கட்டினதை நான் பார்க்கவில்லை.

பவர்டேபிள்_திருப்பூர்:

அக்கா, பொய் சொல்ல மனம் வரவில்லை. ரிஜிஸ்டரில் 18 பேர்தான் இருக்கிறார்கள். நாலு பேர் ஒரு கான்ட்ராக்டர் பேரில். இ.எஸ்.ஐ எல்லாருக்கும் கட்டுகிறேன், பி.எஃப் இல்லை. இருபதுக்குக் கீழே வைத்துக்கொள் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார், நானும் அப்படியே ஓட்டிவிட்டேன். தப்பு என்று தெரியும்.

கணக்குப்பிள்ளை:

கான்ட்ராக்டர் பேரில் இருந்தாலும் உங்கள் யூனிட்டுக்குள் வேலை செய்தால் எண்ணிக்கையில் வருவார்கள். பின்னாடி ஒருநாள் ஆய்வில் பிடித்தால் பழைய பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து யூனிட்டையே விற்க வேண்டி வரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஆனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரூ.15,000 உச்சவரம்பு வைத்து, ஓனர் பங்கு 12 சதவீதம், காப்பீடு, நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்துச் சுமார் 13 சதவீதம். ஆளுக்கு ரூ.1,950. 22 பேருக்கு மாதம் அதிகபட்சம் ரூ.42,900.

நீங்கள் இன்றைக்கு வட்டிக்காரருக்குக் கட்டுவது ரூ.27,000.

அந்த வட்டி உங்கள் தொழிலாளர்களுடைய பி.எஃப் பணத்தில் பாதிக்கு மேல். பார்ட்டி 90 நாள் வைத்துக்கொள்கிறார், அதற்கான செலவு உங்கள் வழியாக இறங்கி அக்கா மாதிரி ஆட்களின் பென்ஷனில் போய் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சிறுதொழில் கொள்கை ஒரு அமைச்சகம், தொழிலாளர் நலன் இன்னொரு அமைச்சகம் என்று தனித்தனியாகப் பேசுவது நம் மாதிரி ஊருக்குப் பொருந்தாது. பில் பணம் நேரத்துக்கு வர வைப்பதுதான் இங்கே முதல் தொழிலாளர் சட்டம்.

செக்கிங்_அக்கா:

உண்மையைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. கணக்குப்பிள்ளை சார் சொன்ன கணக்கும் புரிந்தது. ஆனால் முதல் சட்டம் அதுதான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பில் வருகிற வரைக்கும் நாங்கள் காத்திருக்க வேண்டுமா? இந்த ஊரில் 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்ட்ரைக் நடந்தது. என் மாமனார் அதில் இருந்தவர், கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு நின்றோம் என்பார். அன்றைக்கும் ஓனர்கள் பக்கம் ஏதோ ஒரு கஷ்டம் இருந்திருக்கும். பஞ்சப்படி கிடைத்தது ஸ்ட்ரைக்கால்தான், அவர்கள் கஷ்டம் தீர்ந்ததால் இல்லை.

நொய்யல்கரை:

நான் எதிர்ப்பக்கம். சின்ன ஏற்றுமதியாளர், ஆண்டுக்கு இருபது கோடி போல. நீங்கள் "பார்ட்டி" என்று திட்டுகிறீர்களே, அதில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போக மாட்டேன், பதில் சொல்கிறேன்.

எனக்கு வெளிநாட்டு பையர் கொடுக்கும் தவணை சரக்கு கப்பல் ஏறி 90 நாள், சிலர் 120. நூல் மில்லுக்கு ரொக்கம் அல்லது ஒரு வாரம். சாயப்பட்டறைக்கு ஒரு மாதம், அவர்களும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவில் மூச்சுத் திணறுகிறார்கள், 2011-இல் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொன்ன பிறகு சொட்டுத் தண்ணீர் வெளியே விட முடியாது. ஆக, யார் அழுத்தினால் தாங்குவாரோ அவரிடம்தான் நான் தாமதிக்கிறேன். அது தையல் ஜாப் ஒர்க்தான். இது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது என்ன ஆனது தெரியுமா? தைத்து முடித்த சரக்கை "இருக்கட்டும், சொல்கிறோம்" என்றார்கள். தள்ளுபடி கேட்டார்கள், கொடுத்தேன். கோடவுனில் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் இருந்தன. அந்த நேரத்தில் 45 நாளில் ஜாப் ஒர்க் பில் கொடு என்றால் நான் எங்கே போவேன்? பையரிடம் 45 நாள் கேட்க எனக்கு எந்தச் சட்டமும் இல்லை. இந்தியச் சட்டம் அமெரிக்காவில் கடை வைத்திருப்பவனைக் கட்டுப்படுத்தாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கே உறுத்துகிற விஷயம். சட்டம் வந்ததும் எங்கள் வட்டத்தில் சிலர் உத்யம் பதிவு இல்லாத யூனிட்டாகப் பார்த்து வேலையை மாற்றினார்கள். சிலர் "பதிவை கேன்சல் செய்துவிட்டு வா" என்றே கேட்டார்கள். நான் செய்யவில்லை, ஆனால் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

லேத்_கணபதி:

எங்களிடமும் கேட்டார்கள். ஒருவர் பதிவை ரத்து செய்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவருக்கும் வேலை இல்லை.

நெறியாளர்:

எந்தக் கம்பெனியின் பெயரையும் ஊரை வைத்து அடையாளம் தெரிகிற மாதிரியும் எழுத வேண்டாம். இதுவரை யாரும் எழுதவில்லை, அப்படியே தொடருங்கள்.

சோமனூர்_தறி:

நீங்கள் நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களுக்கு ரேட்டே பிரச்சினை. கூலிக்கு நெசவு. பாவு நூல் ஜவுளிக்காரர் தருவார், துணி திருப்பிக் கொடுப்போம், மீட்டருக்கு இவ்வளவு. கலெக்டர் முன்னால், மந்திரி முன்னால் உட்கார்ந்து கூலி உயர்வு ஒப்பந்தம் போடுவார்கள், ஆறு மாதத்தில் குறைத்துவிடுவார்கள். கேட்டால் துணி விற்கவில்லை. 2025-இல் மார்ச்சும் ஏப்ரலுமாக கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகளை நிறுத்திப் போராடினோம். நாங்கள் கேட்டது கூலி உயர்வோடு அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்பதுதான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்ததை 2023-இல் 1,000 ஆக்கினார்கள். அது இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதித் தறி பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் அந்த மிச்சமும் கூலியில் குறைந்துவிடுகிறது. உனக்குத்தான் கரண்ட் சும்மா வருகிறதே என்கிறார்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்:

தறி அண்ணா சொன்னது நெஞ்சைப் பிசைகிறது. எங்கள் பக்கமும் அப்படித்தான், ஏதாவது சலுகை வந்தால் அடுத்த ரேட் பேசும்போது அதைக் கழித்துத்தான் பேசுவார்கள்.

நொய்யல்கரை அண்ணாவுக்கு: நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு மரியாதை. ஆனால் உங்களுக்குப் பேங்கில் பேக்கிங் கிரெடிட் என்று ஏற்றுமதிக்கான கடன் உண்டு, எனக்கு இரண்டு வட்டிதான். தாமதத்தைத் தாங்கக் குறைந்த செலவில் கடன் கிடைக்கிறவர் அதை அதிகச் செலவில் கடன் வாங்குகிறவன் தலையில் வைப்பது எப்படிச் சரி?

நொய்யல்கரை:

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. நீங்கள் சொல்வது சரி.

கணக்குப்பிள்ளை:

கடன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அதற்கு மேல் போனால் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, 2025 ஏப்ரலில் அதன் வரம்பை 10 கோடி ஆக்கினார்கள். ஆனால் கிளையில் போய் உட்கார்ந்தால் "வீட்டுப் பத்திரம் இருக்கா" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று சொன்னால் மறுத்ததாக எழுதித் தரவும் மாட்டார்கள். என் அனுபவத்தில் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, மறுப்பையும் எழுத்தில் கேட்டால் பாதி இடங்களில் பேச்சு மாறுகிறது.

பில்லை வைத்து உடனே பணம் தருகிற டிரெட்ஸ் தளங்கள் 2017-இல் இருந்து இருக்கின்றன. நல்ல ஏற்பாடு, வட்டியும் இரண்டு வட்டியைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் பில்லை பார்ட்டி அந்தத் தளத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள்தான் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள், முன்பு 500 கோடி. நம் ஊரில் வேலை கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் நொய்யல்கரை மாதிரி. அவர்கள் அந்த வரம்புக்குள் வரவே மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அந்த வரம்பை இன்னும் இறக்க வேண்டும். 43பி(எச்)-ஐ ஆண்டு முடிவில் மட்டும் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜி.எஸ்.டி கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 180 நாளை 45 ஆக்கினால் போதும், பார்ட்டி இன்புட் போய்விடும் என்று பயந்தே கொடுப்பார். பில் தேதி, பணம் எல்லாமே ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. யூனிட்காரர் போய்ப் புகார் கொடுக்க வேண்டிய தேவையே இருக்காது, வேலை போய்விடும் என்ற பயமும் இருக்காது. இப்போதைய ஏற்பாட்டில் எல்லாப் பாரமும் பலவீனமானவர் தலையில்: அவரே புகார் செய்ய வேண்டும், அவரே அந்தப் புகாரை விசாரிக்கிற கவுன்சிலுக்கு அலைய வேண்டும்.

லேத்_கணபதி:

கவுன்சிலுக்குப் போனால் எவ்வளவு நாள் ஆகும்? நான் ஒரு பழைய பாக்கிக்காகப் போகலாம் என்று இருக்கிறேன், அந்தப் பார்ட்டியோடு இனி வேலையே இல்லை.

கணக்குப்பிள்ளை:

சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது. நடைமுறையில் அதைவிட ரொம்ப இழுக்கிறது, சமரசப் பேச்சு, அப்புறம் நடுவர் விசாரணை என்று. ஆனால் போகலாம், அதுவும் உறவு முடிந்துபோன பார்ட்டி என்றால் தயங்கவே வேண்டாம். தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும், அது பெரிய பலம்.

ஒன்று பாருங்கள், உங்கள் உத்யம் பதிவுத் தேதி அந்த வேலைக்கு முன்பா பின்பா? பதிவுக்கு முந்தைய பில்லுக்கு இந்தச் சட்டத்தின் பலன் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொன்னது, 2025-இல் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுவரைக்கும் முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. இதுவரை பதியாதவர்கள் இன்றைக்கே பதியுங்கள். ஆதார், பான் (ஜி.எஸ்.டி-யில் இருந்தால் அந்த எண்ணும்) இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. மூவாயிரம் கொடு, ஐந்தாயிரம் கொடு என்று கேட்கிற வெப்சைட் எல்லாம் ஏமாற்று.

செக்கிங்_அக்கா:

புதுத் தொழிலாளர் சட்டம் பற்றி யாராவது சொல்லுங்கள். 2025 நவம்பர் 21-இல் இருந்து நாலு சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது, பழைய 29 சட்டம் போய்விட்டது என்று சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எங்களுக்கு நல்லதா கெட்டதா?

கணக்குப்பிள்ளை:

இரண்டும் இருக்கிறது அக்கா. வாரச் சம்பளக்காரருக்கு வாரத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம் கொடுத்தாக வேண்டும், வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும், இது எந்தச் சின்ன யூனிட்டுக்கும் பொருந்தும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை. இவை நல்லது.

ஆனால் மின்சாரம் வைத்து ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்று இருந்ததை இருபது ஆக்கிவிட்டார்கள். பதினாறு, பதினெட்டு பேர் வேலை செய்யும் தையல் யூனிட் எல்லாம் அந்தக் கணக்கில் இருந்து வெளியே போகிறது. பவர்டேபிள் அண்ணாவே ஒத்துக்கொண்டாரே, இருபதுக்குக் கீழே காட்டுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணை உயர்த்தினால் பழக்கம் இன்னும் வளரும்.

எனக்கு இதில் ஒன்று படுகிறது. தொழிலாளிக்கு வாரக் கடைசியில் கொடு என்று சட்டம் ஓனரிடம் சொல்கிறது, சரியாகத்தான் சொல்கிறது. அதே ஓனருக்கு வரவேண்டியதை அதே கண்டிப்போடு யாரும் சொல்வதில்லை.

பவர்டேபிள்_திருப்பூர்: (பன்னிரண்டு நாள் கழித்து)

என்ன ஆச்சு என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மூன்று பார்ட்டிக்கும் ஒரே மாதிரி கடிதம் கொடுத்தேன். சண்டைக் கடிதம் இல்லை. உத்யம் நம்பர், பில் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆயிற்று, மார்ச் 31-க்குள் முடித்துத் தந்தால் உங்களுக்கும் வரியில் நல்லது என்று மட்டும் எழுதினேன். கணக்குப்பிள்ளை சார்தான் வார்த்தை சரி பார்த்துக் கொடுத்தார்.

ஒருவர் நாலு நாளில் ஆறு லட்சம் அனுப்பினார். கூடவே, அடுத்த ஆர்டரில் இருந்து 30 நாளில் தருகிறேன், பீஸுக்கு ஐம்பது காசு குறைத்துக்கொள்ளலாமா என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டியில் மிச்சமாவதைப் பெரும்பாலும் அவரே எடுத்துக்கொள்கிறார். இருபது காசுக்கு ஒத்துக்கொண்டேன். இரண்டாவது ஆள் பார்க்கலாம் என்றார். மூன்றாவது ஆள் போனை எடுக்கவில்லை, இந்த வாரம் தைக்க வேண்டிய கட்டிங் துணி வரவில்லை. அவருடைய வேலை எனக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம். அதனால் பயம் இல்லை என்று சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு எல்லாரையும் உட்கார வைத்துப் பி.எஃப் பேச்சை எடுத்தேன். ஏப்ரலில் இருந்து 22 பேரும் ரிஜிஸ்டருக்கு வருகிறீர்கள் என்று சொன்னேன். சின்னப் பையன்கள் நாலைந்து பேர் கையில் வருவது குறையுமே, வேண்டாம் என்றார்கள். வயதான பெண்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு அம்மா மட்டும் எழுந்து, பழைய கம்பெனியில் பிடித்த நம்பர் வீட்டில் ஒரு சீட்டில் இருக்கிறது, அதையும் இதோடு சேர்க்க முடியுமா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:

சேர்க்கலாம். அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வரச் சொல்லுங்கள். பழைய எண்ணை அவருடைய யு.ஏ.என் எண்ணோடு (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப் எண்) இணைத்து மாற்றிவிட்டால் அந்த வருஷங்களும் பென்ஷன் கணக்கில் வரும். ஆதாரில் இருக்கிற பெயரும் பிறந்த தேதியும் பழைய பதிவோடு ஒத்துப்போக வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

ஆட்களைப் புதிதாகச் சேர்த்தால் ஓனருக்கு மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிற திட்டம் ஒன்றும் இருக்கிறது, 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேருகிறவர்களுக்கு. பத்தாயிரத்துக்கு மேல் இருபதாயிரம் வரை சம்பளம் என்றால் ஆளுக்கு மாதம் 2,000. ஆள் ஆறு மாதம் நிலைத்திருக்க வேண்டும், ஐம்பது பேருக்குக் குறைவான இடத்தில் குறைந்தது இரண்டு பேர் கூடுதலாகச் சேர வேண்டும். உங்கள் யூனிட் எந்தக் கணக்கில் வரும் என்று ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்.

செக்கிங்_அக்கா:

சார், எனக்கும் அந்த மாதிரி இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்றில் பெயர் அப்பா இனிஷியலோடு இருக்கிறது, இன்னொன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை. இதற்கு எங்கே போக வேண்டும்?